எட்டு கோர் டிஎஸ்பி எத்தனை வாட் குடிக்கும்? கணக்கு எங்கெல்லாம் வழுக்குது

போர்டு டிசைன் ஆரம்பிக்கிற அன்னிக்கே பவர் சப்ளை பண்றவர் வந்து கேக்கற முதல் கேள்வி, "சிப் எத்தனை வாட்?" ஒரே நம்பர் தான் அவருக்கு வேணும். அவர் மேல தப்பில்ல, அந்த நம்பர் இல்லாம அவரால ஒரு இண்டக்டர் கூட செலக்ட் பண்ண முடியாது. ஆனா மல்டிகோர் டிஎஸ்பிக்கு, அதாவது சிக்னல் கணக்குகளுக்குன்னே செஞ்ச, பல கோர் உள்ள ப்ராசஸருக்கு, அப்படி ஒரு நம்பர் கிடையாதுங்க. டேட்டாஷீட்டைப் பொரட்டினா பவர் கணக்குப் போடற ஸ்ப்ரெட்ஷீட்டைப் பாருன்னு அனுப்பும், ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தா அது திருப்பி நம்மகிட்டயே முப்பது கேள்வி கேக்கும், அந்த முப்பதுல இருபதுக்கு நம்மகிட்ட பதில் இருக்காது, ஏன்னா சாஃப்ட்வேர் இன்னும் எழுதவே இல்ல. கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாமலே எத்தனை மூட்டை அரிசின்னு சமையல்காரர் கேக்கற மாதிரி தான்.

பேச ஒரு சிப் வேணும்ல, எனக்குப் பழக்கமானதையே எடுத்துக்கறேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) கம்பெனியோட டிஎம்எஸ்320சி6678, சுருக்கமா சி6678. 2010 நவம்பர்ல அறிவிச்சாங்க, 40 நானோமீட்டர், உள்ள 8 சி66எக்ஸ் கோர், ஒவ்வொண்ணும் 1 கிகாஹெர்ட்ஸ் இல்லன்னா 1.25 கிகாஹெர்ட்ஸ். கோருக்கு 32 கேபி புரோகிராம் கேஷ் (கோர் பக்கத்துலயே இருக்கிற சின்ன வேக மெமரி), 32 கேபி டேட்டா கேஷ், 512 கேபி எல்2 (ரெண்டாம் அடுக்கு மெமரி), அதுக்கு மேல எல்லாரும் பங்கு போட்டுக்க 4 எம்பி மெமரி. மொபைல் பேஸ் ஸ்டேஷனுக்காகப் பொறந்த குடும்பம் இது, அப்புறம் ரேடார், அல்ட்ராசவுண்ட், இமேஜ் ப்ராசஸிங்னு பல எடத்துக்குப் போச்சு. இப்போ இதைவிடப் புதுசு நெறைய வந்தாச்சு, ஆனா பவர் கணக்கு போடற விதத்தைப் புரிஞ்சுக்க இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல, எல்லா சிக்கலும் ஒரே எடத்துல கெடக்கு.

மொதல்ல ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாக்கலாம், போட்டப்போ எனக்கே கொஞ்சம் அதிர்ச்சியா இருந்துச்சு. இந்த சிப் 1 கிகாஹெர்ட்ஸ்ல சிங்கிள் பிரிசிஷன்ல (32 பிட் தசம எண்கள்ல) 128 கிகாஃப்ளாப்ஸ், அதாவது செகண்டுக்கு 12,800 கோடி பெருக்கல், கூட்டல். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014ல ஐஎஸ்எஸ்சிசிங்கற சிப் டிசைன் மாநாட்டுல ஒரு டேபிள் காட்டினார், அது இந்தத் துறையில எல்லாரும் மனப்பாடமா வச்சிருக்கிற டேபிள். 45 நானோமீட்டர், 0.9 வோல்ட்ல ஒரு 32 பிட் ஃப்ளோட்டிங் பெருக்கலுக்கு 3.7 பிக்கோஜூல் (ஒரு ஜூல்ல லட்சம் கோடியில ஒரு பங்கு தான் பிக்கோஜூல்), கூட்டலுக்கு 0.9 பிக்கோஜூல். பாதி பெருக்கல் பாதி கூட்டல்னு வச்சா சராசரி 2.3. அதை 128 கிகாவால பெருக்குங்க. வர்றது சுமார் 0.3 வாட்.

ஆனா இந்த சிப்பைப் பத்தி பொதுவா சொல்ற நம்பர் 10 வாட். அப்போ மீதி 9.7 வாட் எங்கே போச்சு? நாம எதுக்காக இந்த சிப்பை வாங்கினோமோ அந்தக் கணக்குப் போடற வேலைக்கு நூத்துல மூணு பங்கு தான் போகுது. மீதியெல்லாம் டேட்டாவை எடுத்து வைக்கறது, இன்ஸ்ட்ரக்ஷனைப் பிரிச்சுப் படிக்கறது, கிளாக்கை சிப் முழுக்கக் கொண்டு போறது, அப்புறம் சும்மா இருந்தாலே ஒழுகற கரண்ட். அதே டேபிள்ல 32 கேபி கேஷ்லேர்ந்து 64 பிட் எடுக்க 20 பிக்கோஜூல்னு இருக்கும், வெளியில இருக்கிற மெமரி சிப் (டிராம்) வரைக்கும் போய் எடுத்தா 1,300லேர்ந்து 2,600 பிக்கோஜூல். ஒரு பெருக்கலுக்கு ஆகறதை விட 350லேர்ந்து 700 மடங்கு. அதனால தான் எத்தனை கிகாஃப்ளாப்ஸ்னு வச்சு பவரைக் கணிக்கப் போனா தடம் மாறிடுவோம்.

இப்போ அடிப்படை சூத்திரத்தைச் சொல்லிட்டுப் போயிடறேன், இல்லன்னா யாராவது கேப்பாங்க. சீமாஸ் சிப்ல (இன்னிக்கு வர்ற கிட்டத்தட்ட எல்லா சிப்பும் இந்த வகை தான்) பவர் ரெண்டு வகை. ஒண்ணு டைனமிக், ட்ரான்சிஸ்டர் மாறும்போது செலவாகறது, எத்தனை பங்கு மாறுதுங்கற ஆக்டிவிட்டி, கெப்பாசிட்டன்ஸ், வோல்டேஜோட வர்க்கம், ஃப்ரீக்வென்சி, இந்த நாலையும் பெருக்கினா வரும். ரெண்டாவது ஸ்டாட்டிக், லீக்கேஜ்னு சொல்றது, ட்ரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் ஒழுகறது, சரியா மூடாத குழாய் மாதிரி. வோல்டேஜ் வர்க்கமா வர்றதால அது தான் ராஜா. 1.1 வோல்ட்லேர்ந்து 0.9க்கு இறக்கினா டைனமிக் பவர் மூணுல ஒரு பங்கு கொறைஞ்சிடும், வேற எதையும் தொடாமலே.

வெண்டார் குடுக்கற ஸ்ப்ரெட்ஷீட் இதையே வேற மாதிரி பிரிக்கும். பேஸ்லைன், ஆக்டிவிட்டின்னு ரெண்டு. பேஸ்லைன்ங்கறது வீட்டு வாடகை மாதிரி, நீங்க ஊர்ல இருந்தாலும் இல்லன்னாலும் கட்டியே ஆகணும், லீக்கேஜ், பிஎல்எல் (கிளாக்கை உண்டாக்கற சர்க்யூட்), ஓடிக்கிட்டே இருக்கிற கிளாக் எல்லாம் இதுல வரும். ஆக்டிவிட்டிங்கறது கரண்ட் பில் மாதிரி, ஓட்டினதுக்கு ஏத்த மாதிரி. புதுசா வர்றவங்க எல்லாருமே ஆக்டிவிட்டியைத் தான் உருட்டி உருட்டிப் பாப்பாங்க, கோடை ஆப்டிமைஸ் பண்ணி பாதியாக்கிடலாம்னு நெனப்பாங்க, ஆனா இந்த மாதிரி சிப்ல சூடான நிலைமையில வாடகையே பில்லை விடப் பெருசா வரும்.

சரி, ஸ்ப்ரெட்ஷீட்ல அடிக்கடி தப்பா நிரப்பற கட்டம் எதுன்னா யூட்டிலைசேஷன். கோர் 0, எத்தனை சதவீதம்? நம்மாளு ஆபரேட்டிங் சிஸ்டம் காட்டற லோடைப் பாத்து 100ன்னு போடுவார், எட்டு கோருக்கும் 100. இங்க தான் வழுக்கல். சி66எக்ஸ் ஒரு விஎல்ஐடபிள்யூ மெஷின், அதாவது பல இன்ஸ்ட்ரக்ஷனை ஒரே கட்டா சேத்து ஓட்டற வகை, ஒரு சைக்கிள்ல 8 இன்ஸ்ட்ரக்ஷன் வரைக்கும் போக முடியும், ரெண்டு பக்கமும் எல், எஸ், எம், டின்னு நாலு நாலு யூனிட். நல்லா சாஃப்ட்வேர் பைப்லைன் பண்ண (சுத்துகளை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஓட்டற) எஃப்எஃப்டி (சிக்னல்ல எந்தெந்த ஃப்ரீக்வென்சி இருக்குன்னு பிரிக்கற கணக்கு) லூப் சைக்கிளுக்கு ஆறு ஏழு இன்ஸ்ட்ரக்ஷன் தள்ளும். பக்கத்து கோர்ல ஒரு செமஃபோர் (கோர்கள் ஒண்ணுக்கொண்ணு வழி விடற பூட்டு) எப்போ விடுபடும்னு சுத்தி சுத்திப் பாத்துக்கிட்டிருக்கிற லூப்ல சைக்கிளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் கூட போகாது, பெரும்பாலும் காத்துக்கிட்டு நிக்கும். ரெண்டுமே லோடு கிராஃப்ல 100 சதவீதம்னு தான் காட்டும்! பவர்ல ரெண்டுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல.

இன்னொண்ணு, லூப் சின்னதா இருந்தா இந்தக் கோர்ல எஸ்பிலூப்னு ஒரு பஃபர் இருக்கு, 14 எக்ஸிக்யூட் பாக்கெட் (ஒரே சைக்கிள்ல சேந்து ஓடற இன்ஸ்ட்ரக்ஷன் கட்டு) வரைக்கும் அதுலயே உக்காந்துக்கும், அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் புரோகிராம் கேஷைத் தட்ட வேண்டியதில்ல. வேகத்துக்கும் கோட் சைஸுக்கும்னு தான் இதைப் பத்திப் பேசுவாங்க, ஆனா பவருக்கும் இது நல்லது. அதே அல்காரிதம், அதே ரிசல்ட், லூப் கொஞ்சம் பெருசாகி பஃபர்ல அடங்கலன்னா கரண்ட் ஏறும்.

இந்த சிக்கலுக்கு ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப நாளா வழி தேடியிருக்காங்க. 1994ல பிரின்ஸ்டன்ல விவேக் திவாரி, ஷரத் மாலிக், ஆண்ட்ரூ உல்ஃப் மூணு பேரும் செஞ்சது அழகான வேலை. ஒரே இன்ஸ்ட்ரக்ஷனைத் திரும்பத் திரும்ப ஓட்டற லூப் எழுதி, ப்ராசஸருக்குப் போற கரண்டை மீட்டர்ல அளந்தாங்க. அந்த இன்ஸ்ட்ரக்ஷனோட அடிப்படை செலவு அது. அப்புறம் ரெண்டு வேற வேற இன்ஸ்ட்ரக்ஷனை மாத்தி மாத்திப் போட்டா கூட்டுத்தொகையை விடக் கொஞ்சம் கூட வரும், ஏன்னா உள்ள சர்க்யூட் நிலை மாறுது, அதைத் தனி செலவா எழுதிக்கிட்டாங்க. இன்டெல் 486லயும் ஃபுஜிட்சுவோட ஸ்பார்க் சிப்லயும் பண்ணாங்க. ப்ராசஸரோட உள் டிசைன் ஒண்ணும் தெரியாமலே, வெளிய உக்காந்து மீட்டரை வச்சே மாடல் கட்டலாம்னு காமிச்சது தான் பெரிய விஷயம்.

ஆனா 8 ஸ்லாட் விஎல்ஐடபிள்யூக்கு இதைக் கொண்டு வந்தா? ஒரு சைக்கிள்ல எந்த எட்டு, அடுத்த சைக்கிள்ல எந்த எட்டுன்னு ஜோடி போட்டு அளக்க ஆரம்பிச்சா பேரன் காலம் வரைக்கும் அளந்துக்கிட்டு இருக்கலாம். இதுக்கு ஃபிரான்ஸ்ல பிரிட்டனி பக்கம் லோரியான்ல இருக்கிற ஒரு குழு, நத்தாலி ஜூலியான், ஜோஹான் லோரான், எரிக் சென், எரிக் மார்த்தான், 2000க்கு அப்புறம் வேற வழி கண்டுபிடிச்சாங்க. அவங்க எடுத்த சிப் இதே குடும்பத்து பாட்டி, டிஎம்எஸ்320சி6201. தனித்தனி இன்ஸ்ட்ரக்ஷனைப் பாக்காம சிப்பை சில செயல் பகுதிகளாப் பிரிச்சு, அந்தப் பகுதிகளுக்கு நடுவுல எவ்வளவு போக்குவரத்துங்கறதை சில எண்கள்ல அடக்கிட்டாங்க. எவ்வளவு பேரலலா இன்ஸ்ட்ரக்ஷன் போகுது, யூனிட்கள் எவ்வளவு வேலையில இருக்கு, கேஷ் மிஸ் (தேடினது கேஷ்ல இல்லாம போறது) எவ்வளவு, பைப்லைன் எவ்வளவு நேரம் தேங்கி நிக்குது. அவ்வளவு தான். இந்த எண்களை ஒவ்வொண்ணா ஏத்தி இறக்கற மாதிரி சின்னச் சின்ன அசெம்பிளி புரோகிராம் எழுதி, கரண்டை அளந்து, கோடு போட்டா மாடல் ரெடி. எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா கம்பைலர் தர்ற அசெம்பிளியைப் பாத்தே முதல் எண்ணை ஓரளவு சொல்லிடலாம், சிப் கையில வர்றதுக்கு முன்னாடியே.

ஒரு கோருக்கு சரி, எட்டுக்கு? ஒரு கோரை அளந்து எட்டால பெருக்கிடலாம்னு தோணும். சில நேரம் அது சரியா வரும், டேட்டா எல்லாம் அவங்கவங்க எல்2லயே இருந்தா கிட்டத்தட்ட நேர்கோடு தான். டேட்டா வெளியிலேர்ந்து டிடிஆர்3 (வெளி மெமரி) வழியா வரணும்னா கதை மாறிடும். கதவு ஒண்ணு தான், எட்டு பேரும் அதே வாசல்ல நிக்கறாங்க. ரெண்டு கோர் ஓடும்போது தெரியாது, அஞ்சாவது கோரை விட்டதும் எல்லாரும் காத்திருக்க ஆரம்பிப்பாங்க, காத்திருக்கிற கோர் கம்மியா குடிக்கும், அதனால ஒவ்வொரு புது கோருக்கும் ஏறற வாட் கொறைஞ்சுக்கிட்டே போகும், ஆனா முடிக்க வேண்டிய வேலைக்கு ஆகற எனர்ஜி மட்டும் ஏறும். எட்டால பெருக்கினவர் வாட்டை அதிகமா போட்டிருப்பார், எனர்ஜியைக் கம்மியா போட்டிருப்பார், ரெண்டு பக்கமும் தப்பு.

நல்லா கவனமா எழுதினா எவ்வளவு எடுக்கலாம்னு ஒரு அளவு இருக்கு. 2012ல சூப்பர்கம்ப்யூட்டிங் மாநாட்டுல, டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ராபர்ட் வான் டி கெய்ன் குழுவும் டிஐ ஆட்களும் சேந்து இதே சி6678ல மேட்ரிக்ஸ் பெருக்கலை எழுதிக் காமிச்சாங்க. 128ல 74 கிகாஃப்ளாப்ஸ் வந்துச்சு, 10 வாட்டுன்னு வச்சா வாட்டுக்கு 7.4. டேட்டாவை எப்போ எங்கே வைக்கணும்னு டிஎம்ஏவை (கோரைத் தொந்தரவு பண்ணாம டேட்டாவை நகத்தற பகுதி) வச்சு மணி பாத்து நகத்தி எடுத்தும் 58 சதவீதம் தான். நாம அவசரத்துல எழுதற கோடு எங்கே நிக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க.

இப்போ என் சொந்தக் கதை ஒண்ணு. ஒரு சின்ன கம்பெனியில, இந்த மாதிரி எட்டு கோர் சிப் வச்ச போர்டு, ஏடிசி கார்டு (வெளி சிக்னலை எண்ணா மாத்தறது) இன்னும் வரல. சாஃப்ட்வேர் ஆளுங்க சும்மா இருப்பாங்களா, இன்புட் பஃபர்ல சீரோவை நிரப்பி முழு செயினையும் ஓட்டிட்டாங்க. எஃப்எஃப்டி, ஃபில்டர், டிடெக்ஷன் எல்லாம் ஓடுது, சைக்கிள் கணக்கு பெர்ஃபெக்ட், நான் கரண்டை அளந்து எழுதிக்கிட்டேன், எஸ்டிமேட்டை விடக் கம்மியா வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், ஒருத்தர் சமோசா கூட வாங்கிட்டு வந்தார். மூணு வாரம் கழிச்சு ஏடிசி வந்து நெஜமான நாய்ஸ் உள்ள போன அன்னிக்கு கோர் ரெயில்ல (கோருக்குப் பவர் தர்ற லைன்ல) கரண்ட் ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. கோட் ஒரு வரி கூட மாறல, சைக்கிளும் மாறல. சீரோவை சீரோவால பெருக்கினா பெருக்கல் யூனிட்டுக்குள்ள எந்த பிட்டும் மாறாது, பஸ்ல எந்த கம்பியும் ஆடாது, யூனிட் 100 சதவீதம் பிஸி ஆனா டைனமிக் பவர் பாதிகூட இல்ல. சூத்திரத்துல இருந்த அந்த ஆக்டிவிட்டி எண்ணை நான் யூட்டிலைசேஷன்னு நெனச்சுட்டேன். ஸ்ப்ரெட்ஷீட்ல டிடிஆர் பக்கத்துல எத்தனை சதவீத பிட் மாறும்னு ஒரு கட்டம் இருக்கும், அதை ஏன் கேக்கறாங்கன்னு அன்னிக்குத் தான் உறைச்சுது. அதுலேர்ந்து டெஸ்ட் பஃபர்ல ரேண்டம் நாய்ஸ் போடாம நான் மீட்டரைத் தொடறதில்ல.

அடுத்தது வெப்பம், எஸ்டிமேட்டை நெஜமாவே கவுக்கற எடம் இது தான், அதனால கொஞ்சம் நின்னு பாக்கலாம். லீக்கேஜ் வெப்பத்தோட எக்ஸ்பொனென்ஷியலா ஏறும். லீக்கேஜ் ஏறினா பவர் ஏறும், பவர் ஏறினா சூடு ஏறும், சூடு ஏறினா மறுபடி லீக்கேஜ். வட்டிக்கு வட்டி. கையில ஒரு கணக்கு போடுவோம், நம்பரெல்லாம் விளக்கத்துக்காக நானே வச்சது, எந்த சிப்போடதும் இல்ல. டைனமிக் 6 வாட், 25 டிகிரியில லீக்கேஜ் 1.5 வாட், ஒவ்வொரு 30 டிகிரிக்கும் லீக்கேஜ் ரெட்டிப்பு. ஹீட் சிங்க் எல்லாம் சேத்து வாட்டுக்கு 3 டிகிரி சூடேறும்.

லேப்ல ஏசி போட்டு 25 டிகிரி. சுத்தி சுத்திக் கணக்கு போட்டா சிப் 51 டிகிரியில நிக்கும், மொத்தம் 8.75 வாட். நல்லது. இப்போ அதே போர்டை வெயில்ல நிக்கிற, உள்ள காத்து 55 டிகிரி ஆகிற பெட்டிக்குள்ள போடுங்க. 30 டிகிரி ஏறினா சிப்பும் 30 ஏறி 81 ஆகும்னு தானே தோணுது? ஆகாது. கணக்கு போய் நிக்கிறது 96.5 டிகிரியில, பவர் 13.8 வாட். அதே கோட், அதே கிளாக், சுத்தியிருக்கிற காத்து மட்டும் தான் மாறிச்சு, அஞ்சு வாட் கூடிடுச்சு.

ஹீட் சிங்க்கைக் கொஞ்சம் சின்னதாக்கி வாட்டுக்கு 4 டிகிரின்னு வச்சா இன்னும் வேடிக்கை. லேப்ல 64 டிகிரி, 9.7 வாட், யாரும் குறை சொல்ல மாட்டாங்க. 55 டிகிரி பெட்டியில கணக்குக்கு விடையே இல்ல. நெஜமாவே இல்ல, எந்த வெப்பநிலையிலயும் உள்ள வர்ற சூடும் வெளிய போற சூடும் சமமாகாது, ஏறிக்கிட்டே போகும், ஒரு கட்டத்துல சிப்போ ரெகுலேட்டரோ நிறுத்திடும். லேப்ல பாஸ் ஆன டிசைன் ஃபீல்டுல சாகறதுக்கு இது ஒரு வழக்கமான காரணம். சி6678ல சாதாரண வகைக்கு கேஸ் (சிப்போட வெளி மூடி) வெப்பம் 85 டிகிரி வரைக்கும், எக்ஸ்டெண்டட் வகைக்கு 100 வரைக்கும். அதனால ஸ்ப்ரெட்ஷீட்ல வெப்பம்னு கேக்கற கட்டத்துல 25 போடறது நம்மள நாமளே ஏமாத்திக்கறது, உங்க டிசைன்ல கேஸ் தொடக்கூடிய உச்சத்தைத் தான் போடணும்.

இதே லீக்கேஜ்ல இன்னொரு விசித்திரம். ஃபேக்டரியிலேர்ந்து வர்ற எல்லா சிப்பும் ஒண்ணு இல்ல. சிலது வேகமான சிலிக்கான், ட்ரான்சிஸ்டர் துள்ளும், ஆனா நெறைய ஒழுகும். சிலது மந்தம், ஒழுகறதும் கம்மி. டிஐ இதுக்கு ஸ்மார்ட்ரிஃப்ளெக்ஸ்னு ஒரு ஏற்பாடு வச்சிருக்கு, இந்தக் குடும்பத்துல அதோட கிளாஸ் 0 வகை. டெஸ்ட் பண்ணும்போதே ஒவ்வொரு சிப்புக்கும் எந்த வோல்டேஜ் போதும்னு பாத்து உள்ளயே எழுதி வச்சிடுவாங்க, போர்டுல பவர் வந்ததும் சிப் தன்னோட விசிஎன்டிஎல் பின்கள் வழியா ரெகுலேட்டர்கிட்ட எனக்கு இவ்வளவு போதும்னு சொல்லிடும். துள்ளற சிப் கம்மி வோல்டேஜ் கேக்கும், அதோட லீக்கேஜ் அதனால கட்டுக்குள்ள வரும். மந்தமான சிப்புக்குக் கொஞ்சம் அதிகம் வேணும். இதை ஒழுங்கா போர்டுல கனெக்ட் பண்ணாம, எதுக்கு வம்புன்னு ஃபிக்ஸட் வோல்டேஜ் குடுக்கற ஆளுங்களைப் பாத்திருக்கேன். துள்ளற சிப் ஒண்ணு அந்த போர்டுல வந்து உக்காந்தா ஒழுகற குழாய்க்கு ப்ரெஷரும் ஏத்தி விட்ட மாதிரி.

இந்த வோல்டேஜ் ஓடும்போது மாறாது, கவனிங்க. மொபைல் சிப் மாதிரி ஃப்ரீக்வென்சியைக் கொறைச்சா வோல்டேஜும் சேந்து எறங்கற கதை இங்க இல்ல. அதனால 1 கிகாஹெர்ட்ஸ்ல ஓடறதை 500 மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டினா வாட் கொறையும், ஆனா வேலை முடிய ரெண்டு மடங்கு நேரம் ஆகும், டைனமிக் எனர்ஜி அதே அளவு, லீக்கேஜை மட்டும் ரெண்டு மடங்கு நேரம் கட்டணும். மொத்தத்துல நஷ்டம். சீக்கிரம் முடிச்சுட்டு ஐடில் இன்ஸ்ட்ரக்ஷன்ல படுத்துக்கறது தான் இந்த சிப்புக்கு லாபம், அதுவும் நெஜமான ஐடில், செமஃபோரைச் சுத்தற ஐடில் இல்ல. பேட்டரியே இல்லாம, வெப்பம் மட்டும் தான் பிரச்சினைன்னா கிளாக்கைக் கொறைக்கறதுலயும் அர்த்தம் இருக்கு, அது வேற கேள்வி.

பெரிஃபெரல்ஸ் பத்தி சுருக்கமா. சீரியல் ரேபிட்ஐஓ, பிசிஐ எக்ஸ்பிரஸ், ஹைப்பர்லிங்க் மாதிரி அதிவேக லிங்க் எல்லாம், லிங்க் ஒரு தடவை இணைஞ்சுட்டா டேட்டா போனாலும் போகலன்னாலும் கிட்டத்தட்ட அதே பவர் தான், சிக்னல்ல இஞ்சினை ஆஃப் பண்ணாம உறுமிக்கிட்டு நிக்கிற ஆட்டோ. அங்க யூட்டிலைசேஷனை 10க்கும் 90க்கும் மாத்திப் பாத்து நேரத்தை வீணாக்காதீங்க, எத்தனை லேன், என்ன ஸ்பீடு, அது தான் முக்கியம். வேண்டாததை ஆன் பண்ணாமலே விட்டா போதும். டிடிஆர்3 நேர் எதிர், அங்க டிராஃபிக் தான் எல்லாம். 64 பிட், 1333 ஸ்பீடுல முழுசா ஓடினா செகண்டுக்கு 10.7 கிகாபைட், ஹோரோவிட்ஸ் டேபிளை வச்சுப் பாத்தா 1.7லேர்ந்து 3.5 வாட் வருது. ஆனா அதுல பெரும் பங்கு மெமரி சிப்புக்குள்ள, டிஎஸ்பிக்குள்ள இல்ல. டிஎஸ்பி ஸ்ப்ரெட்ஷீட் அதைக் காட்டாது, மைக்ரான் மாதிரி மெமரி கம்பெனிங்க தனியா ஒரு கால்குலேட்டர் குடுக்கறாங்க, அதையும் போட்டா தான் போர்டு கணக்கு முடியும்.

இப்போ மொதல்ல வந்த பவர் சப்ளைக்காரருக்கு பதில் சொல்லணும்ல. அவர் ஒரே நம்பர் கேட்டார், உண்மையில அவருக்கு வேண்டியது மூணு. ஹீட் சிங்க்குக்கு நிமிஷக் கணக்குல சராசரி. ரெகுலேட்டருக்கு ஒவ்வொரு ரெயிலுக்கும் தனித்தனியா உச்ச ஆம்பியர், கோர் வோல்டேஜ் ரெயில், மெமரிக்கான 1 வோல்ட் ரெயில், 1.5, 1.8ன்னு. கெப்பாசிட்டர் போடறதுக்கு, கரண்ட் எவ்வளவு வேகமா குதிக்கும்ங்கறது. எட்டு கோரும் ஒரு பேரியர்ல (எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் நிக்கிற எடம்) காத்திருந்து ஒரே நேரத்துல எஃப்எஃப்டிக்குள்ள குதிச்சா சில நானோசெகண்டுல பல ஆம்பியர் ஏறும், ரெகுலேட்டர் கண்ணைத் தொறக்கறதுக்குள்ள வோல்டேஜ் சரிஞ்சிடும். எல்டிஇல (4ஜி மொபைல்ல) 1 மில்லிசெகண்டுக்கு ஒரு சப்ஃபிரேம் (டேட்டாவைப் பிரிக்கற நேரத் துண்டு), அதனால இந்தக் குதியும் மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. ரெகுலேட்டர் சிப் பஸ் வழியா சொல்ற ஆம்பியரை மட்டும் பாத்தா இது தெரியாது, அது சராசரி போட்டு மழுப்பிடும். ஸ்கோப் தான் வேணும்.

அளக்கறதுலயும் சூட்சுமம் இருக்கு. கோர் ரெயில்ல 1 மில்லி ஓம் ஷண்ட் (கரண்ட் அளக்கற சின்ன ரெசிஸ்டர்) போட்டா 10 ஆம்பியருக்கு 10 மில்லிவோல்ட் தான் கிடைக்கும், சென்ஸ் கம்பியை ரெசிஸ்டரோட காலுக்கே கொண்டு போய் தனியா பிடிக்கலன்னா சால்டரோட எதிர்ப்பையும் சேத்து அளந்துக்கிட்டு இருப்போம். போர்டுல ஷண்ட்டுக்கு எடமே விடாம லேஅவுட் முடிச்சவங்க பின்னாடி ட்ரேஸை வெட்டி கம்பி ஒட்டினதையும் பாத்தாச்சு, நானும் அதுல ஒருத்தன் தான்.

என்னோட வழி இப்போ இப்படி. எல்லா கோரையும் ரீசெட்ல வச்சு, போர்டை ஹேர் டிரையர் வச்சாவது மூணு நாலு வெப்பத்துல அளந்துடுவேன், அது வாடகைக்கான வளைகோடு. அப்புறம் ஒரு கோர்ல எல்2க்குள்ளயே ஓடற லூப், ரேண்டம் டேட்டாவோட, சைக்கிளுக்கு 2, 4, 7 இன்ஸ்ட்ரக்ஷன்னு மூணு விதம், சைக்கிளை கோருக்குள்ள இருக்கிற டிஎஸ்சிஎல்ங்கற கவுண்டர்ல எண்ணிக்கறது. அப்புறம் அதையே 2, 4, 8 கோர்ல. கடைசியா டிஎம்ஏவை மட்டும் ஓட்டி டிடிஆர் டிராஃபிக்கை ஏத்தி இறக்கறது. மொத்தம் ஒரு இருபது ரீடிங், நாலஞ்சு கோஎஃபிஷியண்ட், லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (ரீடிங்குக்கு ரொம்பப் பொருந்தற எண்களைத் தேடற கணக்கு) போட்டா ஒரு சாயந்தரத்துல நம்ம போர்டுக்கே ஒரு மாடல் வந்துடும். பிரிட்டனி குழு பண்ணதோட ஏழை வெர்ஷன் தான், ஆனா அடுத்த சாஃப்ட்வேர் ரிலீஸ்ல எவ்வளவு ஏறும்னு கேட்டா இதை வச்சு பதில் சொல்ல முடியுது.

ஒண்ணே ஒண்ணு, அந்த மாடல் என் மேஜை மேல இருக்கிற அந்த ஒரு சிப்புக்கு தான். அதனால போர்டு பத்து வந்ததும் மொத வேலையா ஒவ்வொண்ணுலயும் சிப் எந்த வோல்டேஜ் கேக்குதுன்னு படிச்சு மார்க்கர்ல போர்டு ஓரத்துலயே எழுதிடுவேன், கம்மி வோல்டேஜ் கேக்கற போர்டு ஒண்ணு, அதிகம் கேக்கற போர்டு ஒண்ணு, இந்த ரெண்டையும் தனியா எடுத்து வச்சு சூடு பெட்டிக்குள்ள மொதல்ல போறது இந்த ரெண்டும் தான். நடுவுல இருக்கிற எட்டும் மெதுவா வரட்டும்.